குளுக்கோகைனேஸைத் தேர்வுக்குப் படிக்கும் முறை: அட்டவணையை விட்டு வளைகோட்டிலிருந்து தொடங்குங்கள்

குளுக்கோஸில் பாஸ்பேட் ஏற்றும் நொதிகள் ஹெக்ஸோகைனேஸ்கள்; கல்லீரலிலும் கணையத்திலும் உள்ள அவற்றின் உறவு நொதி குளுக்கோகைனேஸ். உயிர்வேதியியல் தேர்வுகளில் இவற்றின் வேறுபாட்டைக் கேட்காத தாள் அரிது. பலரும் அதை ஓர் அட்டவணையாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். நேரடியாக வேறுபாடு கேட்டால் அட்டவணை போதும். "இந்தத் திடீர்மாற்றம் உள்ளவரின் வெறும் வயிற்றுச் சர்க்கரை எப்படி இருக்கும், ஏன்?" என்று கேட்டால் அது கைகொடுக்காது. குளுக்கோகைனேஸின் அமைப்பு, கட்டுப்பாடு, நோய் எல்லாமே, குளுக்கோஸ் அளவுக்கு ஏற்ப வேகம் மாறுவதைக் காட்டும் ஒரே ஒரு வளைகோட்டிலிருந்து கிளைக்கின்றன. அந்தக் கோட்டை உங்கள் கையால், எண்களோடு வரையப் பழகுவதுதான் முதல் வேலை.

வினை எளிது. குளுக்கோஸின் ஆறாவது கார்பனில், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் கடைசி பாஸ்பேட் ஏறுகிறது. குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டும், ஏடிபியின் மிச்சமான அடினோசின் டைபாஸ்பேட்டும் கிடைக்கின்றன. மக்னீசியம் கட்டாயம் வேண்டும். உடலுக்குள் இவ்வினை பின்னோக்கி நடப்பதில்லை. திரும்ப குளுக்கோஸாக்க குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் என்ற வேறொரு நொதி தேவை. இதைக் கிளைக்காலிசிஸின் (குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் பாதையின்) உறுதிப்படுத்தும் படி, அதாவது திரும்ப வழியில்லாத முதல் படி என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய. குளுக்கோஸ்-6-பாஸ்பேட் கிளைக்கோஜனுக்கும் போகலாம், பென்டோஸ் பாஸ்பேட் வழிக்கும் போகலாம். உறுதிப்படுத்தும் படி பாஸ்போபிரக்டோகைனேஸ்-1 என்ற நொதியின் படிதான்.

இனி வளைகோடு. கிடை அச்சில் குளுக்கோஸ், 0 முதல் 20 மில்லிமோலார் வரை. நிலை அச்சில் உச்ச வேகத்தின் சதவீதம். ஹெக்ஸோகைனேஸ்-1-இன் மைக்கேலிஸ் மாறிலி (அரை உச்ச வேகம் தரும் குளுக்கோஸ் அளவு) சுமார் 0.05 மில்லிமோலார். எனவே அதன் கோடு தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறிக் கூரையைத் தொட்டுவிடும்: 5 மில்லிமோலாரில் 99 சதவீதம், 10 மில்லிமோலாரில் 99.5. இரத்தச் சர்க்கரை இரட்டிப்பானாலும் இந்த நொதிக்கு அது தெரியாது.

குளுக்கோகைனேஸுக்கு அரை உச்ச வேகம் தரும் குளுக்கோஸ் அளவு சுமார் 8 மில்லிமோலார். கோடு எவ்வளவு எஸ் வடிவம் என்பதைச் சொல்லும் ஹில் கெழு சுமார் 1.7. ஹில் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். 5 மில்லிமோலாரில் (5/8)-இன் 1.7-ஆம் அடுக்கு 0.45, அதை 1.45-ஆல் வகுத்தால் 31 சதவீதம். 10 மில்லிமோலாரில் இதே கணக்கு 59 சதவீதம் தரும். அதாவது சர்க்கரை இரட்டிப்பானால் வேகமும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஹில் கெழு 1 ஆக இருந்து, அதே 8 மில்லிமோலார் வெறும் மைக்கேலிஸ் மாறிலியாக இருந்திருந்தால் 38-லிருந்து 56 சதவீதத்துக்கு மட்டுமே போயிருக்கும். எஸ் வடிவம் எதற்கு என்ற கேள்விக்கு இந்த இரு வரிக் கணக்கைவிட நல்ல விடை இல்லை. கோடு மிகச் செங்குத்தாக இருக்கும் திருப்புப் புள்ளி 3.6 மில்லிமோலார் அருகே விழுகிறது. உடல் சர்க்கரையைக் காக்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே. மில்லிமோலாரை 18-ஆல் பெருக்கினால் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் வரும்: 5 என்பது 90, 8 என்பது 144. இரண்டு அலகிலும் பழகிக்கொள்ளுங்கள். நோயாளி விவரம் தரும் கேள்விகளில் அலகு மாறி வரும்.

அடுத்த கேள்விதான் இந்தப் பாடத்தின் மிக அழகான பகுதி. ஹீமோகுளோபின் எஸ் வடிவம் காட்டுவது நான்கு துணையலகுகளால். குளுக்கோகைனேஸோ ஒற்றைச் சங்கிலி. 465 அமினோ அமிலங்கள், சுமார் 52 கிலோடால்டன். குளுக்கோஸ் அமர ஒரே இடம்தான். பிறகு எஸ் வடிவம் தரும் ஒத்துழைப்பு (ஒரு குளுக்கோஸ் அடுத்ததற்கு வழிவிடுவது) எங்கிருந்து வருகிறது?

விடை காலத்தில் இருக்கிறது. இந்த நொதியில் ஒரு பெரிய பகுதி, ஒரு சிறிய பகுதி, நடுவே ஒரு பிளவு. குளுக்கோஸ் இல்லாதபோது பிளவு மிக அகலமாகத் திறந்து கிடக்கும். குளுக்கோஸ் வந்தால் சிறிய பகுதி திரும்பி மூடிக்கொள்ளும். அகலத் திறந்த வடிவிலிருந்து மூடுவது மெதுவான மாற்றம். ஒரு சுற்று வினை முடிந்து விளைபொருள்கள் வெளியேறியதும் நொதி உடனே பழைய வடிவுக்குத் தளர்ந்துவிடாது. அதற்குள் அடுத்த குளுக்கோஸ் கிடைத்துவிட்டால் மெதுவான படியைத் தாண்டிக்கொண்டு வேகமான சுற்றிலேயே தொடரும். குளுக்கோஸ் குறைவாக இருந்தால் தளர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் மெதுவான படியிலிருந்து தொடங்க வேண்டும். அதனால்தான் இது இயக்கவியல் சார்ந்த ஒத்துழைப்பு. சமநிலைப் பிணைப்பில் ஒரே தளம் உள்ள மூலக்கூறு அதைக் காட்ட முடியாது. ஏடிபியை மிகக் குறைத்தால் ஹில் கெழு 1-ஐ நோக்கி இறங்குவதும் இந்த விளக்கத்தோடு பொருந்துகிறது. விடைத்தாளில் "துணையலகுகளுக்கிடையே ஒத்துழைப்பு" என்று எழுதினால் அந்த விடை முழுவதும் பிழையாகிவிடும்.

மனித நொதியின் இந்த இரு வடிவங்களும் படிக அமைப்பாக 2004-இல் வெளியாயின. படத்தில் ஏழு அமினோ அமிலங்களை மட்டும் குறித்தால் போதும். குளுக்கோஸைப் பிடிப்பவை திரியோனின் 168, லைசின் 169, அஸ்பராஜின் 204, அஸ்பார்டேட் 205, அஸ்பராஜின் 231, குளூட்டமேட் 256, குளூட்டமேட் 290. இவற்றில் அஸ்பார்டேட் 205 வினையூக்கக் காரம்: ஆறாவது கார்பனின் ஹைட்ராக்சிலிலிருந்து புரோட்டானை எடுக்கிறது, அந்த ஆக்சிஜன் ஏடிபியின் காமா பாஸ்பேட்டைத் தாக்குகிறது. செயல்படு தளத்திலிருந்து சுமார் 20 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இன்னொரு குழி உண்டு. குளுக்கோகைனேஸின் வேகத்தைக் கூட்டும் ஊக்கி மருந்துகள் அமர்வது அங்கேதான். மூடிய வடிவில் மட்டுமே அந்தக் குழி உருவாகிறது. டோர்சாக்லியாட்டின் என்ற ஊக்கி 2022-இல் சீனாவில் அனுமதி பெற்றது.

கட்டுப்பாட்டைப் படிக்கும்போது கல்லீரலையும் கணையத்தையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். ஒரே மரபணுதான், 7-ஆம் குரோமோசோமில். ஆனால் அதைப் படிக்கத் தொடங்கும் இடங்களான தொடக்கிகள் வேறு, முதல் எக்ஸான் (புரதத்துக்கான மரபணுத் துண்டு) வேறு. கல்லீரலில் மரபணுவைத் தூண்டுவது இன்சுலின். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் நொதியின் அளவை உயர்த்துவது குளுக்கோஸே. கல்லீரலில் மட்டும் ஒரு கட்டுப்படுத்தும் புரதம் இருக்கிறது. அது அகலத் திறந்த வடிவைப் பற்றிக்கொண்டு நொதியை உட்கருவுக்குள் அடைத்து வைக்கும். பிரக்டோஸ்-6-பாஸ்பேட் பிடியை இறுக்கும். பிரக்டோஸ்-1-பாஸ்பேட்டும் மிகுந்த குளுக்கோஸும் தளர்த்தும். இந்த இரு பாஸ்பேட்டுகளையும் மாற்றி எழுதுவது மிகச் சாதாரணமான தவறு. தர்க்கத்தைப் பிடித்தால் குழப்பம் வராது: 6-பாஸ்பேட் கிளைக்காலிசிஸ் பாதையில் கீழே தேங்கிய பொருள், "போதும்" என்கிறது, 1-பாஸ்பேட் பெரும்பாலும் உணவுப் பிரக்டோஸிலிருந்து வருவது, "சாப்பாடு வந்துவிட்டது" என்கிறது. குளுக்கோஸ்-6-பாஸ்பேட் மற்ற ஹெக்ஸோகைனேஸ்களைத் தடுப்பதுபோல் உடலியல் அளவில் இதைத் தடுப்பதில்லை.

திடீர்மாற்றக் கேள்விகளுக்கு வளைகோட்டை நகர்த்திப் பாருங்கள். பீட்டா செல் இன்சுலின் சுரக்கத் தொடங்கும் வரம்பு சுமார் 5 மில்லிமோலார். அங்கே நொதி 31 சதவீதத்தில் ஓடுகிறது. மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று செயலிழந்தால் மிச்சமுள்ள பாதி நொதி அதே வேகத்தை எட்ட 62 சதவீதத்தில் ஓட வேண்டும். கணக்கு 10.7 மில்லிமோலார் என்று காட்டும். நோயாளிகளிடமோ வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.5 முதல் 8 வரை மட்டுமே. பீட்டா செல்லில் குளுக்கோஸ் ஏற ஏற நல்ல பிரதியின் நொதி அளவும் கூடிப் பாதிக் குறையை ஈடுகட்டுகிறது என்பதே இதற்கு முக்கிய விளக்கம். இதுதான் எம்ஓடிஒய்-2 என்ற பரம்பரை நீரிழிவு. வரம்பு நகர்ந்திருக்கிறதே தவிரக் கட்டுப்பாடு அழியவில்லை. அதனால் சர்க்கரை பல ஆண்டுகள் ஏறக்குறைய அதே மட்டத்தில் நிற்கும், கர்ப்பகாலம் தவிரப் பொதுவாக மருந்து தேவைப்படாது. இரு பிரதிகளும் பழுதானால் பிறந்த குழந்தைக்கே நிரந்தர நீரிழிவு. வேலின் 455 மெத்தியோனினாக மாறுவது போன்ற ஊக்கும் மாற்றங்களில் கோடு இடப்பக்கம் நகர்ந்து, சர்க்கரை குறைந்த நிலையிலும் இன்சுலின் சுரக்கும்.

செய்முறைத் தேர்வில் கேட்பது இணைவினை அளவீடு: விளைபொருளை இன்னொரு நொதியால் அளக்கத்தக்க பொருளாக்குவது. குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் சேர்த்து, உருவாகும் என்ஏடிபிஎச் என்ற துணைநொதியை 340 நானோமீட்டர் ஒளியின் உறிஞ்சலால் அளக்கிறோம். 1 சென்டிமீட்டர் குவெட்டில் 1 மில்லிலிட்டர் கலவை, நிமிடத்துக்கு உறிஞ்சலில் 0.0622 ஏற்றம் என்றால், 6.22-ஆல் (1 மில்லிமோலார் என்ஏடிபிஎச்-இன் உறிஞ்சல்) வகுக்க 0.01 மில்லிமோலார், அதாவது நிமிடத்துக்கு 10 நானோமோல், 0.01 யூனிட். கல்லீரல் சாற்றில் ஹெக்ஸோகைனேஸும் கலந்திருக்கும். ஆகவே 100 மில்லிமோலார் குளுக்கோஸில் ஒன்று, 0.5 மில்லிமோலாரில் ஒன்று என இருமுறை அளந்து கழிக்கிறோம். 0.5-இல் குளுக்கோகைனேஸ் 1 சதவீதம்கூட ஓடாது, ஹெக்ஸோகைனேஸ்-1 91 சதவீதம் ஓடும். கழித்தலின் நியாயம் இதுவே.

பிழை நுழையும் இடங்கள் மூன்று. சாற்றில் 6-பாஸ்போகுளுக்கோனேட் டிஹைட்ரஜனேஸ் இருந்தால் ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு என்ஏடிபிஎச் வரை வந்து அளவு பெருகித் தெரியும். லியூகோனோஸ்டாக் பாக்டீரியாவின் டிஹைட்ரஜனேஸை என்ஏடி-யோடு பயன்படுத்தினால் இது தவிரும். மக்னீசியம் ஏடிபியைவிடக் குறைந்தால் வேகம் விழும். ஏடிபி 5 மில்லிமோலார் என்றால் மக்னீசியம் 6-க்குக் குறையக் கூடாது. நொதியின் சிஸ்டீன்கள் ஆக்சிஜனேற்றமடைந்தாலும் செயல் போய்விடும், அதைத் தடுக்க டைதையோதிரைட்டால் சேர்க்கப்படுகிறது. நேரத்தோடு உறிஞ்சல் ஏறும் கோடு தொடக்கத்தில் வளைந்து பிறகு நேராகும். நேரான பகுதியின் சாய்வை மட்டும் எடுங்கள். வளைவு நீண்டுகொண்டே போனால் இணை நொதி (சேர்த்த டிஹைட்ரஜனேஸ்) போதவில்லை என்று பொருள். இணை நொதியை இருமடங்காக்கி மீண்டும் ஓட்டுங்கள். சாய்வு மாறாவிட்டால்தான் நீங்கள் அளப்பது குளுக்கோகைனேஸை.