வாசுதேவநல்லூர் மண் கோட்டையும் கான்சாகிப்பும் - மாடல் செஞ்ச கதை

நாலு மாசமா எங்க வீட்டு மாடியில பழைய கட்டில் பலகை மேல வாசுதேவநல்லூர் கோட்டை வளந்துக்கிட்டு இருக்கு. முழுக் கோட்டை இல்ல, ஒரு கொத்தளம், ரெண்டு பக்கமும் கொஞ்சம் சுவர், முன்னால முள்வேலி, அதுக்கும் முன்னால ஒரு மேடு, அந்த மேட்டுல கோட்டைய புடிக்க வந்த கம்பெனி படைத் தலைவர் கான்சாகிப் ஒத்தையா நிக்கார். சுவர் ரெண்டாவது தடவையிலயே நின்னுட்டு, ஆளத்தான் மூணு தடவ செய்ய வேண்டியதாப் போச்சு.

மொதல்ல மண்ணு. அளவு 1:35 எடுத்தேன். சுவர் உயரத்துக்கு பாஞ்சாலங்குறிச்சியத்தான் கணக்கா வச்சுக்கிட்டேன், 1801 சண்டையில இருந்த வெல்ஷ்ங்கிற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, கோட்டை 500 அடிக்கு 300 அடி, மண் சுவர் 12 அடின்னு எழுதி வச்சிருக்கார். 12 அடிய 35ஆல வகுத்தா கிட்டத்தட்ட பத்தரை சென்டிமீட்டர் வருது. சங்கரன்கோவில் பக்கம் மாமா தோட்டத்துல இருந்து ஒரு சாக்கு கரிசல் கொண்டாந்து குழைச்சு ஒரே நாள்ல மொத்த சுவரையும் ஏத்திட்டேன், ரெண்டு நாள் வெயில் அடிச்சதும் தீக்குச்சி நுழையுற அளவுக்கு மேல இருந்து கீழ வரைக்கும் வெடிச்சிருச்சு. காருக்குறிச்சியில பானை செய்யுற ஒரு ஆச்சிகிட்ட போய் போன்ல போட்டோவ காட்டினேன். "கரிசல் காஞ்சா சுருங்கும்லாய்யா, வெடிக்காம என்ன செய்யும்? ஆத்து மணலப் போடு, வைக்கலப் பொடிசா நறுக்கிப் போட்டு மிதி, ஈரச்சாக்கு போட்டு ஒரு ராத்திரி மூடி வச்சிட்டு பெறவு எடு. ஒரே நாள்ல ஏத்தாத"ன்னு சொன்னாவ. அதே மாதிரி குளத்து வண்டல் ரெண்டு பங்கு, செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, வைக்கல் ஒரு கைப்பிடி. தெனமும் ஒரு விரக்கடை உயரம், அது இறுகின பெறவுதான் அடுத்த வரிசை. ஆறு நாளாச்சு, ஒரு கீறல் இல்ல.

பெறவு ஒரு சோதனை செஞ்சு பாத்தேன், இத எழுத உக்காந்ததே அதுக்காகத்தான்னு சொல்லலாம். அதே கனத்துல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல ஒரு துண்டு சுவர் ஊத்தி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி வச்சு, பத்தடி தள்ளி நின்னு உண்டிவில்லுல சைக்கிள் பால்ஸ் வச்சு அடிச்சேன். பிளாஸ்டர் மூணாவது அடியில ரெண்டாப் பொளந்துச்சு. மண்ணுல குண்டு போய் பொதைஞ்சு உக்காந்துக்கிடுச்சு, குழி மட்டும்தான், சுத்தி ஒண்ணும் அசையல. பதினஞ்சு அடி அடிச்சும் சுவர் அப்படியே நிக்கி. சின்ன பீரங்கிய வச்சுக்கிட்டு பாளையக்காரங்க கோட்டைய ஏன் ஒண்ணும் செய்ய முடியாமப் போச்சுன்னு படிச்சிருக்கேன், ஆனா அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

இப்ப கான்சாகிப். நம்ம பக்கத்துல அவர் பேர சொன்னா ரெண்டு விதமாத்தான் பேசுவாவ. நெற்கட்டான்செவல் பாளையக்காரர் புலித்தேவர், அவர் கோட்டைகளை இடிச்ச கம்பெனி ஆளுன்னு ஒரு பக்கம், வெள்ளக்காரன எதிர்த்து தூக்குல தொங்கினவர்னு இன்னொரு பக்கம். ரெண்டும் உண்மை, ரெண்டும் ஒரே மனுஷன்தான், அதத்தான் ஒரு அஞ்சு சென்டிமீட்டர் பொம்மையில கொண்டாரணும்.

ராமநாதபுரம் பக்கம் பனையூர்ல பொறந்து, மருதநாயகமா இருந்து யூசுப்கானா மாறினவர்னு சொல்லுதாவ. திருச்சி முற்றுகையில பேர் எடுத்தது வாளால இல்ல, வண்டியால. 1753, 54ல புதுக்கோட்டை தொண்டைமான் சீமையில இருந்து அரிசியையும் ஆடு மாட்டையும் எதிரி கண்ணுல படாம ராத்திரியோட ராத்திரியா கம்பெனி முகாமுக்கு கொண்டாந்து சேத்தவர். கம்பெனி தளபதி லாரன்ஸே அவர் எப்பவும் விழிச்சிருக்கிற ஆளு, உடம்ப பாக்காம உழைக்கிற ஆளுன்னு எழுதியிருக்கார். 1754ல கம்பெனி சிப்பாய்ங்க எல்லாத்துக்கும் கம்மந்தான், அதாவது தலைவர், ஆனார். சோறு வந்து சேராட்டா எந்தப் படையும் நிக்காதுன்னு பசியோட கெடந்து படிச்சவர், பெறவு 1758 கடைசியில பிரெஞ்சுக்காரன் லாலி சென்னைய வளைச்சப்ப, செங்கல்பட்டு பக்கம் கேப்டன் பிரஸ்டன் கூட நின்னு லாலிக்கு வர்ற தவசத்தையே மறிச்சார்.

ஆனா இதே ஆளு மதுரைச் சீமையில கள்ளர் ஊருகள்ல செஞ்சதும் இருக்கு. காட்ட வெட்டி வழி போட்டு, புடிச்சவங்கள ஈவு இரக்கம் இல்லாம தூக்குல போட்டார். வரிய கறாரா வசூலிச்சார், கொளம் வாய்க்கால செப்பனிட்டார், மீனாட்சி கோயிலுக்கு மானியம் ஒழுங்காப் போக வழி செஞ்சார். நல்லத காட்டி கெட்டத மறைக்க எனக்கு மனசு வரல, அதனாலதான் மொகம் செய்யுறது அவ்வளவு கஷ்டமா இருந்துச்சு.

மொத பொம்மை கம்பி எலும்பு, மேல எம்-சீல். வாள ஓங்கி நிக்கிற மாதிரி செஞ்சேன். பாத்தா எந்த ஊர் முக்குலயும் நிக்கிற சிலை மாதிரி இருந்துச்சு. தூக்கிப் போட்டேன். ரெண்டாவதுல மீசைய முறுக்கி புருவத்த நெரிச்சு வச்சேன். மாமா வந்து பாத்துட்டு, "ஏல, நம்ம கோட்டைய இடிச்சவனுக்கா சிலை செய்யுத?"ன்னாவ. "இதுல இடிக்கல மாமா, தோத்துட்டு நிக்கார்"னேன். அப்படிச் சொன்ன பெறவுதான் நான் செஞ்ச மொகம் தப்புன்னே எனக்குத் தட்டுச்சு, தோத்த ஆளு மூஞ்சி அப்படி இருக்காதுல்லா.

ஏன்னா நான் எடுத்துக்கிட்டது 1759 டிசம்பர். அதுக்கு முன்னாலயே களக்காட்டுச் சீமைய விட்டுக்கொடுத்து திருவிதாங்கூர் படையக் கூட சேத்துக்கிட்டு வாசுதேவநல்லூருக்கு வந்தார். சுவர உடைக்க பெரிய பீரங்கி பத்தல. உள்ள இருந்தவங்க அசையல, வெளிய புலித்தேவர் ஆளுக நெற்கட்டான்செவல்ல இருந்து வந்து கான்சாகிப் முகாம்லயே விழுந்துட்டாவ. திரும்பிப் போக வேண்டியதாப் போச்சு. திரும்பவும் வந்தார், 1761ல நெற்கட்டான்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் (அவர் பொறந்த பனையூர் இல்ல, இது வேற) மூணையும் புடிச்சார். அவரப் பத்தி நான் மதிக்கிறதும் இதத்தான், பயப்படுறதும் இதத்தான். தோத்தா கத்துற ஆளு இல்ல, என்ன கொறைஞ்சுதுன்னு எண்ணிப் பாத்து அதக் கொண்டுக்கிட்டு திரும்பி வர்ற ஆளு.

அதனால மூணாவது பொம்மையில வாள் உறையில கெடக்கு. வலது கைய நெத்திக்கு மேல வெயிலுக்கு மறைச்சு சுவரையே பாக்கார். எடது கை கச்சையில. வாய் மூடியிருக்கு, புருவத்துல நெரிப்பு இல்ல, கண்ண மட்டும் கொஞ்சம் இடுக்கினேன், சீரோ பிரஷ்ல முடிய பாதியா வெட்டிட்டு ஒரே ஒரு கோடு, அந்த ஒரு கோட்டுக்கு ஒரு ராத்திரி. கை எம்-சீல் காயுறதுக்குள்ள ரெண்டு தடவ தோள்ல விட்டுப் போச்சு, உள்ள குண்டூசி குத்தி நிறுத்தினேன். தூக்குல போட்ட பெறவு அவர் உடம்ப வெட்டி பல ஊருக்கு அனுப்பினதாவும், கை நம்ம பாளையங்கோட்டைக்கு வந்ததாவும் சொல்லுவாவ, அத நெனச்சுக்கிட்டே அந்தத் தோள ஒட்டுறது லேசான காரியமா இல்ல.

1763ல ஆற்காடு நவாப்புக்கு கீழ இருக்க மாட்டேன்னு நின்னு, மதுரையில பிரெஞ்சுக் கொடிய ஏத்தினார். பழைய கூட்டாளி பிரஸ்டனே முற்றுகையில எதிர்ப்பக்கம் வந்து, 1764ல காயம்பட்டு செத்தார். அடிச்சுப் புடிக்க முடியல, வழிய அடைச்சு உள்ள பட்டினி போட்டாவ, திருச்சியிலயும் சென்னையிலயும் இவர் கையாண்ட அதே சோத்து வழி. கடைசியில கூட இருந்த பிரெஞ்சுக்காரன் மார்ஷானும் திவான் சீனிவாசராவும்தான் கட்டிக் கொடுத்தாவ. அக்டோபர் 15, மதுரைக்கு மேக்க சம்மட்டிபுரத்துல தூக்கு.

பெயிண்ட் முடிஞ்ச அன்னிக்கு மாமாவ கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் குனிஞ்சு பாத்தாவ. "திரும்ப வருவான் போலயேல"ன்னாவ. வேற ஒண்ணும் சொல்லல, சுவரத் தடவிப் பாத்துட்டு கீழ எறங்கிட்டாவ.

இன்னும் முள்வேலி பாக்கி, உடைமர முள்ளையே பொடிசா வெட்டி நடுதேன், பாதி ஆயிருக்கு. பின்னால குடிசைக்கு பத்தமடையில வாங்கின கழிவு கோரை. அது முடிஞ்சதும் தனியா இன்னொரு பலகையில புலித்தேவர் படைத் தளபதி வெண்ணிக் காலாடி. குடல் சரிஞ்சும் தலைப்பாகையால வயித்தக் கட்டிக்கிட்டு சண்டை போட்டவர்னு சொல்லுவாவள்லா. அந்தத் தலைப்பாகைய மட்டும் பெயிண்ட்ல செய்யாதல, நெசத் துணியிலயே சுத்துன்னு மாமா தன் பழைய வேட்டியில ஒரு முழம் கிழிச்சுக் கொடுத்திருக்காவ.