சலூன்காரர் எடுக்கும் ஒரு வகுப்பு

அமெரிக்காவில் ஒரு கலைக் கல்லூரியில் நெசவும் நூல் வேலையும் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அமெரிக்கக் கலைஞர் சோன்யா கிளார்க்கின் ‘ஹேர் கிராஃப்ட் ப்ராஜெக்ட்’ (2014). வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில், கறுப்பினப் பெண்களின் கூந்தலைப் பின்னுவதில் கைதேர்ந்த பத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் கிளார்க் தன் தலையைக் கொடுத்தார். அவரவர் பாணியில் பின்னினார்கள். அப்புறம் கேன்வாஸும் பட்டு நூலும் கொடுத்து, அதிலும் தங்கள் கைவரிசையைக் காட்டச் சொன்னார். புகைப்படங்களில் கிளார்க் நமக்கு முதுகைக் காட்டுகிறார். பின்னியவர் நம்மை நேராகப் பார்க்கிறார், பெயரோடு. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

போன வருடம் ஒரு கறுப்பின மாணவி வகுப்புக்கு பொம்மைத் தலை ஒன்றைக் கொண்டுவந்தாள். சனிக்கிழமைகளில் அத்தையின் சலூனில் வேலை செய்பவள். வால் சீப்பின் நுனியால் நெற்றியிலிருந்து பிடரிவரை வகிடு எடுத்தாள், நூல் பிடித்தமாதிரி நேராக. மூன்று இழை பிரித்து, ஒவ்வொரு பின்னலுக்கும் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முடி சேர்த்துக்கொண்டே போனாள். இழுவை எங்கேயும் மாறவில்லை. தறியில் அந்தச் சீர் வர என் மாணவர்களுக்கு மாதக்கணக்காகும். இவள் பேசிக்கொண்டே செய்தாள்.

பேச்சும் அந்தத் தொழிலில் சேர்ந்ததுதான். பொடிப் பின்னல் என்றால் ஒரு தலைக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகலாம். அதற்குள் சாப்பாடு நடக்கும், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் நடக்கும், வேலை போனவளுக்கு இன்னொருத்தி ஆள் சொல்லி அனுப்புவாள். அமெரிக்கக் கறுப்பின ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் 2012-ல் வரைந்த, கறுப்பினப் பெண்களின் சலூனைக் காட்டும் பெரிய ஓவியம் அலபாமாவின் பர்மிங்ஹாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொன்னிற முடி வெள்ளைக்கார இளவரசி ஒருத்தியின் தலை அதில் கோணலாக மிதக்கிறது. ஒரு குழந்தை மட்டும் அதை எட்டிப் பார்க்கிறது. பெண்களோ தங்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள். என் மாணவி சொன்ன சலூனும் அப்படித்தான்.

தறிக்குப் பாடத்திட்டத்தில் இடம் உண்டு, இந்தக் கைகளுக்கு இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த பருவத்துக்கு அந்த அத்தையை வகுப்பெடுக்க அழைக்கலாம், வருகைக் கலைஞருக்குத் தரும் அதே தொகையைத் தர வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குக் கடையில் கூட்டம்.