படலம் உலரும் நேரம்

ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்களின் கையில் நாங்கள் முதலில் கொடுப்பது பி3எச்டி. பாலிதயோஃபீன் குடும்பத்தைச் சேர்ந்த குறைக்கடத்தி பாலிமர் இது. சூரிய மின்கலப் போட்டியில் இது எப்போதோ பின்தங்கிவிட்டது. ஆனால் சொல்லிக்கொடுப்பதற்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. நானோ அளவில் நடப்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அனிசோல் என்ற கரைப்பானில் போட்டு நன்றாகச் சூடாக்கினால் தெளிந்த ஆரஞ்சுக் கரைசல் வரும். மேசையில் ஆறவிட்டால், நேரம் போகப் போகச் சிவந்து, கறுத்து, கடைசியில் ஊதா ஓடிய பழுப்பு நிறத்துக்கு வந்துவிடும்.

"மேடம், கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறதே, கொட்டிவிடட்டுமா?" என்று பதறாத மாணவர் அரிது.

"மறுபடியும் சூடாக்கிப் பாருங்கள்" என்பேன். ஆரஞ்சு திரும்பி வரும்.

கெட்டுப்போகவில்லை, பாலிமர்ச் சங்கிலிகள் அடுக்கிக்கொண்டு இழை வளர்ந்திருக்கிறது. எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலையில் 450 நானோமீட்டர் அருகே இருந்த மேடு தேய்ந்து, 605 பக்கம் புதிதாக ஒரு தோள் முளைத்திருக்கும். இந்த இழைகள் சுமார் 15 நானோமீட்டர் அகலமும் 5 நானோமீட்டர் தடிமனும் கொண்டவை. நீளமோ மைக்ரோமீட்டர் கணக்கில் போகும். 1993-லேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். இழைகளின் நுண்ணோக்கிப் படத்தைப் பார்க்கிறவர்கள், பாலிமர்ச் சங்கிலி இழையின் நீளவாக்கில் ஓடுவதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஏணிப்படிகளைப் போலச் சங்கிலிகள் குறுக்காகக் கிடக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்றாக 0.38 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கப்படுவதால்தான் இழை நீள்கிறது. 15 நானோமீட்டருக்குள் சங்கிலியின் கண்ணிகளான தயோஃபீன் வளையங்கள் ஏறத்தாழ 40தான் அடங்கும். அதைவிட நீளமான சங்கிலி மடங்கித் திரும்பியாக வேண்டும். இதை மனத்தில் பதித்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீரும்.

கரைசலில் நிதானமாக வளர்வது ஒரு வழி. படலமாகும்போதே வளர வைப்பது இன்னொரு வழி, அதுதான் தலைவலி. சுழல்பூச்சு இயந்திரத்தில் கண்ணாடித் துண்டை வைத்து, கரைசலை விட்டுச் சுழற்றுகிறோம். குளோரோஃபார்ம் 61 டிகிரியில் கொதிப்பது. சுழற்றத் தொடங்கியதும் பறந்துவிடும், சங்கிலிகள் கிடந்தது கிடந்தபடி உறைந்துபோகும். டைகுளோரோபென்சீன் 180 டிகிரியில் கொதிப்பது. சுழற்றி நிறுத்திய பிறகும் படலம் ஈரமாக, ஆரஞ்சாகவே இருக்கும். அதன்மேல் ஒரு பெட்ரி தட்டைக் கவிழ்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஊதா ஏறி முடிவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டே வரலாம். 2005-இல் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகக் குழு இப்படி மெல்ல உலரவிட்டுத்தான், பி3எச்டியும் ஃபுல்லரீன் என்ற கார்பன் கூண்டு மூலக்கூறு வகையான பிசிபிஎம்மும் கலந்த மின்கலத்தில் 4.4 விழுக்காடு திறன் எடுத்துக் காட்டியது. அன்றைக்கு அது பெரிய எண்.

கட்டுப்பாடு என்று கட்டுரைத் தலைப்புகளில் தாராளமாக எழுதுகிறோம். நாம் ஆள்வதெல்லாம் அநேகமாக நேரத்தைத்தான். அடுக்கிக்கொள்வது சங்கிலிகளின் வேலை. கரைப்பான், வெப்பநிலை, மூடி, கொதிநிலை கூடிய ஒரு துளிச் சேர்மம் என எதைத் தொட்டாலும் கடைசியில் மாறுவது, அடுக்கிக்கொள்ள அவற்றுக்குக் கிடைக்கும் அவகாசம். அவகாசம் அதிகமானாலும் ஆபத்து உண்டு. ஒளி பட்டு உருவாகும் எக்சிட்டான், அதாவது பிணைந்த எலக்ட்ரான்-துளை இணை, 10 நானோமீட்டர் அளவுக்குத்தான் நகரும், அதற்குள் பி3எச்டிக்கும் பிசிபிஎம்முக்கும் இடையிலான எல்லைக்கோட்டைத் தொட்டால்தான் மின்னூட்டமாகப் பிரியும். அதிக நேரம் பதப்படுத்திய படலத்தில் பிசிபிஎம் தனியே திரண்டு பெரிய படிகங்களாகிவிடும். சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும் அளவுக்கு அவை வளர்ந்துவிட்டால், அந்தப் படலத்தை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம்.

நுண்ணிய ஊசியால் மேற்பரப்பைத் தடவிப் படமெடுக்கும் அணுவிசை நுண்ணோக்கியில் படம் அழகாக வந்தால் மாணவர்கள் உடனே கட்டுரை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது மூலக்கூறு எடை, அதாவது சங்கிலி எவ்வளவு நீளம் என்பது. 2003-இல் ஸ்டான்ஃபோர்டில் செய்த அளவீடு இதற்கு நல்ல பாடம். எடை குறைந்த பி3எச்டி பளிச்சென்ற குச்சி குச்சியான அமைப்பைக் காட்டியது; எடை கூடியதோ ஒழுங்கே தெரியாத மங்கல் படம். மின்னூட்டம் விரைந்து ஓடியது மங்கல் படத்தில்தான், அதுவும் ஆயிரக்கணக்கான மடங்கு. நீண்ட சங்கிலிகள் ஓர் ஒழுங்குப் பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் பாலம் போடுவதே காரணம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். குட்டைச் சங்கிலிகளின் குச்சிகள் தனித்தனித் தீவுகள். ஆகவே ஒரு பொட்டலம் தீர்ந்து அடுத்த பொட்டலத்தைப் பிரிக்கும்போது, லேபிளில் பெயர் அதேதான் என்று நம்பிப் பழைய செய்முறையை அப்படியே ஓட்டக் கூடாது.

திசையும் உண்டு. சங்கிலிகளின் தட்டையான வளையங்கள் அடித்தட்டின் மேல் விளிம்பில் நின்றால் மின்னோட்டம் தரைக்கு இணையாக நன்றாகப் போகும், டிரான்சிஸ்டருக்கு அது வேண்டும். முகம் கீழே படுத்தால் மேலும் கீழுமாகப் போகும், மின்கலத்துக்கு அது வேண்டும். 1999-இல் கேம்பிரிட்ஜில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது, மின்னூட்டம் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதில் வேறுபாடு நூறு மடங்கைத் தாண்டியது. யார் எந்தச் சாதனத்துக்காகப் படலம் செய்கிறார் என்று கேட்காமல் 'நல்ல படலம்' என்று பாராட்டுவதில் பொருள் இல்லை.

இப்போது எங்கள் கவலை வேறு. சுழல்பூச்சில் விட்ட கரைசலில் பெரும்பகுதி சிதறி வீணாகிறது, நீளச் சுருளில் பூசவும் முடியாது. அதனால் கரைசலைக் கத்தி விளிம்பால் இழுத்துப் பரப்பும் கத்திப்பூச்சுக்கு மாறி வருகிறோம். குளோரின் உள்ள கரைப்பான்கள் தொழிற்சாலைக்கு ஆகாது என்பதால் சைலீனை வைத்துப் பார்க்கிறோம். கத்தி நகரும் வேகம், அடித்தட்டின் சூடு, மேலே வீசும் நைட்ரஜன் என உலர்தலை முடிவு செய்யும் காரணிகளே மாறிவிட்டன. சுழல்பூச்சுக்கென்று சேர்த்த குறிப்பேடுகளில் இதற்குக் கைகொடுப்பவை சில பக்கங்கள்தான். மற்றதை மாணவர்களோடு உட்கார்ந்து புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.