இன்ஜின் எத்தனை சுற்று, சக்கரம் ஒரு சுற்று?

ஆட்டோமொபைல் டிப்ளமோவில் எனக்கு விழுந்த ஒரே அரியர் டிரான்ஸ்மிஷன் பாடத்தில்தான். அந்தத் தாளில் வந்த ஒரு கணக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பின் அச்சில் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் 41 பல், அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனில் 10 பல். டாப் கியர் 1-க்கு 1, அதாவது இன்ஜினும் பினியனும் ஒரே வேகம். இன்ஜின் 2460 ஆர்பிஎம்மில் ஓடுகிறது. வளைவில் திரும்பும்போது இடது பின் சக்கரம் 570 ஆர்பிஎம் என்றால் வலது சக்கரம் எவ்வளவு?

41-ஐ 10-ஆல் வகுத்தால் 4.1. 2460-ஐ 4.1-ஆல் வகுத்தேன், 600 வந்தது. அதுவரை சரி. அப்புறம் 600-இல் 570 போக மீதி 30 என்று எழுதி, விடைக்கு அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டு வந்தேன். ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 570 சுற்று, மற்றது 30 சுற்று! அந்த வண்டி வளைவில் திரும்பாது, நின்ற இடத்திலேயே பம்பரம் விடும். சூத்திரமெல்லாம் மனப்பாடம்தான். எது சுற்றினால் எது சுற்றுகிறது என்பதுதான் தெரியாது.

அரியருக்குப் படிக்கும்போது வொர்க்‌ஷாப் பயிற்சியாளரிடம் இதைச் சொன்னேன். அங்கே பிரித்துப் பூட்டிப் பழகுவதற்கென்று பின் சக்கரங்களால் ஓடும் பழைய கார் ஒன்று நின்றது. "தம்பி, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கு" என்றார். முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, ஜாக் போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்தேன். கியர் நியூட்ரலில். கை பிரேக்கையும் விட்டாயிற்று. இல்லையென்றால் தூக்கிய சக்கரம் அசையாது. டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, கியர் பாக்ஸிலிருந்து பினியனுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு.

"சக்கரத்தை ஒரு சுத்து சுத்து, நான் ஷாஃப்டை எண்ணுறேன்."

சுற்றினேன். இரண்டு சுற்றும் துளி கூடுதலும் என்றார். 4.1 வரவேண்டிய இடத்தில் பாதிதான். "இன்னொரு சுத்து." சுற்றினேன். ஷாஃப்ட் நாலு சுற்று முடித்து, கோடு கொஞ்சம் தாண்டி நின்றது. அந்தக் 'கொஞ்சம்'தான் 0.1.

"தரையில இருக்கிற சக்கரம் எத்தனை சுத்து சுத்துச்சு?" ஒன்றுமில்லை. "ரெண்டையும் கூட்டி ரெண்டால வகு." இரண்டும் பூஜ்யமும் கூட்டி, இரண்டால் வகுத்தால் ஒன்று. அதாவது கிரவுன் வீல் ஒரு சுற்று, ஷாஃப்ட் 4.1 சுற்று. இரண்டு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் என்பது இவ்வளவுதான்: கிரவுன் வீலின் வேகம் இரண்டு சக்கரங்களின் சராசரி. 570-க்கும் இன்னொன்றுக்கும் சராசரி 600 என்றால் அந்த இன்னொன்று 630. ஷாஃப்டை எண்ண வண்டிக்குக் கீழே படுத்திருந்தவர் எழுந்து வருவதற்குள் விடை கிடைத்துவிட்டது.

அதன்பிறகு எந்த விகிதக் கணக்கு வந்தாலும் சூத்திரத்தைத் தேடுவதில்லை. ஒரே கேள்விதான்: சக்கரம் ஒரு சுற்று சுற்ற, இன்ஜின் எத்தனை சுற்று சுற்றவேண்டும்?

முதல் கியர் 3.4, ஃபைனல் டிரைவ் (பினியன், கிரவுன் வீல் ஜோடி) 4.1 என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் 4.1 முறை சுற்றவேண்டும்; ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் இன்ஜின் 3.4 முறை. பெருக்கினால் 13.94. டாப் கியர் 0.8 ஆக இருந்தால் 3.28. இரண்டையும் கூட்டாமல் ஏன் பெருக்குகிறோம் என்பது இப்படிச் சொல்லிப் பார்த்தால் தானாக விளங்கும். (நான் ஒரு மாதிரித் தேர்வில் கூட்டியவன்.)

வேகத்துக்கு டயர் அளவு வேண்டும். 185/65 ஆர்15 என்றால் ரிம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர், அதோடு மேலும் கீழும் டயரின் உயரம் (அகலம் 185-இல் 65 சதவீதம்) 120.25 வீதம். மொத்த விட்டம் 621.5, சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் இருந்தால் முதல் கியரில் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர், டாப்பில் சுமார் 107. முதல் கியர் விடையே 90 என்று வந்தால் எங்கேயோ தப்பு என்று காரில் போன எவருக்கும் தெரியும். விடைத்தாளை மூடுமுன் இந்த ஒரு சோதனையாவது செய்யுங்கள். டயர் பாரத்தில் கொஞ்சம் அமுங்குவதால் உண்மையான வேகம் துளி குறையும். கேள்வியில் ஆரம் கொடுத்திருந்தால் அதையே எடுங்கள்.

சுற்று எத்தனை மடங்கு குறைகிறதோ, டார்க் (முறுக்கு விசை) அத்தனை மடங்கு கூடும். இன்ஜின் தருவது 100 நியூட்டன் மீட்டர் என்றால், உராய்வு இழப்பை விட்டுவிட்டால், முதல் கியரில் சக்கரங்களுக்கு 1394. சாதாரண டிஃபரன்ஷியல் அதை ஆளுக்குப் பாதியாகத்தான் பிரிக்கும், சக்கரங்களின் வேகம் வேறு வேறாக இருந்தாலும். இங்கே பலர் வேகத்தின் விகிதத்தில் டார்க்கையும் பிரித்து மாட்டிக்கொள்கிறார்கள். பவர் எந்தக் கியரிலும் கூடுவதில்லை.

ஃபைனல் டிரைவ் எதற்கு, எல்லாக் குறைப்பையும் கியர் பாக்ஸிலேயே செய்தால் என்ன என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். மேலே உள்ள எண்களிலேயே பதில் இருக்கிறது. இப்போது முதல் கியரில் புரொப்பல்லர் ஷாஃப்ட் தாங்குவது 340 நியூட்டன் மீட்டர். மொத்தக் குறைப்பும் முன்னாலேயே நடந்தால் அதே ஷாஃப்ட் 1394-ஐத் தாங்கவேண்டும். அதற்கேற்பத் தடியாகவும் கனமாகவும் ஆகும். அதோடு, கியர் பாக்ஸை மாற்றாமல் ஃபைனல் டிரைவை மட்டும் மாற்றி அதையே இன்னொரு வண்டிக்கும் பொருத்தலாம். பின் சக்கரங்களால் ஓடும் வண்டியில் சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பும் வேலையும் இதற்குத்தான்.

41-க்கு 10 ஏன், வசதியாக 40-க்கு 10 வைக்கக்கூடாதா? வைத்தால் பினியனின் ஒரு பல், கிரவுன் வீலின் அதே நாலு பற்களையே திரும்பத் திரும்பச் சந்திக்கும். 41-க்கும் 10-க்கும் பொதுக் காரணி இல்லாததால் ஒவ்வொரு பல்லும் எல்லாப் பற்களோடும் சேரும், தேய்மானம் சமமாக இருக்கும். பல் எண்ணிக்கை இப்படி ஒற்றைப்படையாக இருப்பதைப் பார்த்து அச்சுப் பிழை என்று நினைத்திருந்தேன்.

லே ஷாஃப்ட் (கியர் பாக்ஸுக்குள் இருக்கும் இடைத்தண்டு) கணக்குகளில் ஒரு குறுக்குவழி உண்டு. ஷாஃப்டுகளுக்கு இடைத்தூரம் ஒன்றே. எல்லாக் கியர்களின் மாட்யூலும் (பல்லின் அளவு) ஒன்றானால், ஒவ்வொரு ஜோடியின் பல் கூட்டுத்தொகையும் ஒன்றாகவே வரவேண்டும். இன்ஜின் பக்கமிருந்து வரும் கிளட்ச் ஷாஃப்டில் 20, லே ஷாஃப்டில் 34. அடுத்த ஜோடி லே ஷாஃப்டில் 18, வெளியே போகும் ஷாஃப்டில் 36. இரண்டுமே 54. விகிதம் 1.7 பெருக்கல் 2, ஆக 3.4. விடுபட்ட பல் எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளில் பெரும்பாலும் இப்படியொரு கூட்டுத்தொகைதான் ஒளிந்திருக்கும்.

அரியர் தாளில் ரிவர்ஸ் கியர் விகிதம் கேட்டிருந்தார்கள். இரண்டு கியர்களுக்கு நடுவில் இருக்கும் ஐட்லர் கியருக்கு 22 பல் என்று கொடுத்திருந்தார்கள். ஐட்லர் திசையை மட்டும்தான் மாற்றும். அந்த 22-ஐ நான் தொடவே இல்லை.