ஹெக்ஸமின் இரவுப் படிகள்

இங்கிலாந்தின் நியூகாஸிலுக்கு நர்ஸ் வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. பாதிக்கு மேல் நைட் ஷிப்ட்தான். ஊர் எழும்புகிற நேரத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுக்கிறவளுக்கு அந்த ஊர் பழக நாளாகும். "செவ்வாய்க்கிழமை ஹெக்ஸமில் சந்தை உண்டு, போயிட்டு வா" என்று வார்டில் கூட வேலை பார்க்கும் சேச்சி சொன்னார். சரி என்று ரயிலேறினேன்.

சந்தைத் திடலுக்கு எதிரே நிற்கிறது ஹெக்ஸம் அபி என்ற பழைய மடத்துக் கோயில். எதெல்த்ரெடா அரசி கொடுத்த நிலத்தில் கி.பி. 674 வாக்கில் வில்ஃபிரிட் என்ற பிஷப் கட்டத் தொடங்கிய தேவாலயம். அதில் இன்று மிஞ்சியிருப்பது முக்கியமாக நிலவறைதான். பக்கத்து கோர்பிரிட்ஜில் பாழடைந்து கிடந்த ரோமானியக் கட்டடங்களின் கற்களைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். செதுக்கிய பூவேலை இன்னும் தெரிகிறது. மேலே இருப்பதில் பெரும்பகுதி பிற்காலத்து அகஸ்டீனியத் துறவிகள் கட்டியது. 1537இல் மடத்தைக் கலைத்த பிறகும் கோயில் ஊர் மக்களுக்கென்று நிலைத்துவிட்டது.

உள்ளே நுழைந்ததும் என்னை நிறுத்தியது ஒரு கல் படிக்கட்டு. இரவுப் படி என்கிறார்கள். மாடியில் படுத்திருக்கும் துறவிகள் இரவு வழிபாட்டுக்கு நேராக இதில் இறங்கி வருவார்களாம். முப்பத்தைந்து படிகள், ஒவ்வொன்றும் கால் பட்டுப் பட்டு நடுவில் குழிந்திருக்கிறது. தூக்கக் கலக்கத்தோடு எழுந்து குளிரில் இறங்கியவர்களின் தேய்மானம் அது. இரவு மூன்று மணிக்கு வார்டில் நடக்கிறவளுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குனிந்து அடிப்படியைத் தொட்டுப் பார்த்தேன்.

படிக்குக் கீழேயே ஒரு ரோமானியக் கல்லறைக் கல். ஆள் உயரத்தைவிடப் பெரிது. இறகு சூடிய தலைக்கவசத்தோடு குதிரையில் ஒரு வீரன், குதிரையின் காலடியில் சுருண்டு கிடக்கும் எதிரி. தரைக்கு அடியில் கட்டுமானக் கல்லாகக் கிடந்ததை 1881இல் கண்டெடுத்தார்கள். எழுத்தின் பொருள் பக்கத்தில் எழுதியிருந்தது: பெயர் ஃபிளாவினஸ், பெத்ரியானா குதிரைப்படையின் கொடி தாங்குபவன், வயது 25, சர்வீஸ் 7 வருடம், இங்கே அடக்கம்.

பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அவன் அடங்கிய இடத்திலிருந்து கல்லை யாரோ பெயர்த்து வந்துவிட்டதால் அந்த 'இங்கே'யும் இப்போது அவனுக்கு இல்லை. நான் மறுபடி மறுபடி வாசித்தேன். கேஸ் ஷீட் எழுதிப் பழகிய கண், விட்டுப்போன கட்டத்தைத்தான் முதலில் தேடும். எந்த ஊர்க்காரன் என்று கல்லில் இல்லை.

வெளியே வந்து சந்தையில் ஆப்பிள் வாங்கினேன். கடைக்கார அம்மா மீதியை எண்ணிக் கொடுத்துக்கொண்டே எந்த ஊர் என்று கேட்டார். வழக்கமாக இந்தியா என்று சொல்லி முடித்துவிடுவேன். அன்று நாகர்கோவில் என்றேன். அவருக்குப் புரியவில்லை, திருப்பிச் சொல்லச் சொன்னார். நாகர்கோவில், அதில் வடசேரி, அங்கேயும் பெரிய சந்தை உண்டு என்று நிதானமாகச் சொன்னேன்.