ரான்: வரைபடத்தில் குறிக்கப்படாத முகாம்

2017 ஜனவரி 17 அன்று, நைஜீரியாவின் வடகிழக்கு மூலையில், கேமரூன் எல்லையை ஒட்டியுள்ள ரான் என்னும் சிற்றூரின் மேல் நைஜீரிய விமானப்படையின் விமானம் ஒன்று இரண்டு முறை வட்டமிட்டு, இரண்டு குண்டுகளை வீசிவிட்டுச் சென்றது. போக்கோ ஹராம் ஆயுதக் குழுவுக்கும் அரசுப் படைகளுக்கும் இடையிலான போரில் சொந்தக் கிராமங்களை இழந்து வந்தவர்கள் பல்லாயிரக்கணக்கில் அப்போது அங்கே கூடாரங்களிலும் ஓலைக் குடிசைகளிலும் தங்கியிருந்தார்கள். இடம்பெயர்ந்தோர் முகாம்கள் மீது நடந்த வான்தாக்குதல்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் என் மனம் இந்த ரானிடமே திரும்பிச் செல்கிறது. தாக்கிய அரசு அன்றே அதை ஒப்புக்கொண்டது என்பதுதான் அதற்குக் காரணம். மறுப்பும் மௌனமுமே வழக்கமாகிவிட்ட இந்த விஷயத்தில், ஒப்புக்கொண்ட பிறகு என்ன நடக்கும் என்பதை அறிந்துகொள்ள நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சில நிகழ்வுகளில் இது ஒன்று.

ரான், போர்னோ மாநிலத்தின் கலா-பால்கே பகுதியில் உள்ளது. மழைக்காலத்தில் சாலைகள் நீரில் மூழ்கி, மாதக்கணக்கில் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் போய்விடும் ஊர் அது. 2009 முதல் நீடித்த போரில் சுற்றுவட்டாரக் கிராமங்கள் காலியாக, உயிர் பிழைத்தவர்கள் ராணுவம் நிலைகொண்டிருந்த இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரானில் திரண்டிருந்த மக்கள் யாருக்கும் தெரியாமல் காட்டில் ஒளிந்திருந்தவர்கள் அல்லர். படையினர் இருக்கும் இடத்தில் பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பி, படைத்தளத்துக்கு அருகிலேயே குடிசை போட்டுக்கொண்டவர்கள். குண்டுவீச்சில் காயமடைந்தவர்களில் நைஜீரியப் படைவீரர்கள் இருவரும் இருந்தார்கள்.

அன்று அந்த ஊரில் நடந்துகொண்டிருந்த வேலைகளும் ரகசியமானவை அல்ல. 25,000-க்கும் மேற்பட்டவர்களுக்கான உணவுப் பொருட்களுடன் செஞ்சிலுவைக் குழு வந்திருந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் குழுவினர் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டும், ஊட்டச்சத்துக் குறைபாட்டைச் சோதித்துக்கொண்டும் இருந்தார்கள். அந்தச் சோதனைக்கு ஒரு காகித நாடா போதும். குழந்தையின் இடது மேற்கையைச் சுற்றி அதை இறுக்காமல் கட்டி, எந்த நிறத்தில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும். கையின் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்து சிவப்பில் நின்றால், அந்தக் குழந்தையை உடனே சிகிச்சைக்குச் சேர்த்தாக வேண்டும். இப்படிக் கைகளை அளப்பதற்கும் பொருள் வழங்குவதற்கும் மக்களை ஓரிடத்தில் கூட்டித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. அந்தக் கூட்டமே பின்னர் குற்றச்சாட்டுக்குரிய பொருளாயிற்று என்பதை இனி வரும் பகுதியில் பார்க்கலாம்.

இறந்தோரின் எண்ணிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் ஒரே எண் கிடையாது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு முதல் நாளில் 52 பேர் இறந்ததாகவும் 120 பேர் காயமடைந்ததாகவும் சொன்னது. மூன்று நாட்களுக்குப் பின் இறந்தோர் ஏறத்தாழ 90 பேர் என்றும், ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கணக்கு 170 வரை செல்கிறது என்றும் அறிவித்தது. அந்தப் பகுதியின் உள்ளாட்சித் தலைவரோ 230-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகச் சொன்னார். செஞ்சிலுவைச் சங்கத்தின் தன்னார்வலர்கள் ஆறு பேர் இறந்தார்கள் என்பதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை, ஏனெனில் அவர்களுடைய பெயர்கள் ஒரு பணிப்பட்டியலில் இருந்தன. மற்றவர்களுக்கு அப்படிப் பட்டியல் ஏதும் இல்லை. பல கிராமங்களிலிருந்து தனித்தனியாக வந்து சேர்ந்தவர்கள், பக்கத்துக் குடிசையில் இருப்பவரின் ஊர் எது என்றுகூட அறியாதவர்கள், இஸ்லாமிய முறைப்படி தாமதமின்றி அடக்கம் செய்யப்பட்டவர்கள் ஆகியோரை யார் எண்ணியிருக்க முடியும்? ஒரு குடும்பம் முழுவதும் இறந்துபோனால், அப்படியொரு குடும்பம் அங்கிருந்தது என்று சொல்வதற்கே ஆள் இருக்காது. எண்கள் மாறுபடுவதைக் காட்டி நிகழ்வையே சந்தேகிக்கிறவர்கள் எல்லாப் போர்களிலும் உண்டு. முகாம் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை அறிந்தவர்களுக்கு, ஒரே எண் உடனடியாகக் கிடைத்திருந்தால்தான் சந்தேகம் வந்திருக்கும்.

காயமடைந்தவர்களின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. ரானில் அறுவை சிகிச்சை செய்யும் வசதி இல்லை. கூடாரத் தரையில் கிடத்தி, இரத்தப் போக்கை நிறுத்தி, வலிக்கு மருந்து கொடுப்பதற்கு மேல் அங்கிருந்த மருத்துவர்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை. ஹெலிகாப்டர்கள் வந்து மாநிலத் தலைநகரான மைடுகுரிக்கு அவர்களைக் கொண்டு செல்லும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அன்று மாலைக்குள்ளேயே, போக்கோ ஹராமுக்கு எதிரான படைநடவடிக்கையின் தளபதி லக்கி இராபோர் செய்தியாளர்களைச் சந்தித்தார். போக்கோ ஹராம் குழுவினர் கலா-பால்கே பகுதியில் கூடுவதாகத் தகவல் வந்ததாகவும், அந்த இடக்குறிப்புகளை வைத்து வான்தாக்குதலுக்குத் தாமே உத்தரவிட்டதாகவும், தவறுதலாகப் பொதுமக்கள் மீது குண்டு விழுந்துவிட்டதாகவும் சொன்னார். குடியரசுத் தலைவர் முகமது புஹாரி வருத்தம் தெரிவித்தார். விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடப்பதுபோல் தோன்றியது.

அதே ஆண்டு ஜூலையில் பாதுகாப்புத் தலைமையகம் விசாரணையின் முடிவை அறிவித்தது. அந்த இடம் உரிய முறையில் அடையாளமிடப்படவில்லை என்பதே நேர்ந்ததற்கு முதன்மைக் காரணம் என்றது அறிவிப்பு. படையினரின் செயல்பாட்டு வரைபடத்தில் ரான் ஒரு நிவாரணத் தளமாகக் குறிக்கப்படவில்லையாம். ஆகவே அங்கே மக்கள் திரண்டிருந்தது பகைவர்கள் திரள்வதைப் போல் தோன்றியதாம்.

இந்த விளக்கத்தை எத்தனை முறை படித்தாலும் என்னால் ஏற்க முடிவதில்லை. அந்த வரைபடத்தை வரைந்தவர்கள் யார்? முகாமில் இருந்தவர்களா? அவர்களிடம் பேனாகூட இருந்திருக்காது. ஊருக்குள் நிலைகொண்டிருந்த படைப்பிரிவுக்கு அங்கே முகாம் இருப்பது தெரியும். நிவாரணக் குழுக்கள் உள்ளே வருவதற்கு அனுமதி கொடுத்த அதிகாரிகளுக்கும் தெரியும். அந்தத் தகவல் விமானப்படையின் வரைபடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால், அது ஒரு அரசின் இரண்டு அலுவலகங்களுக்கு இடையே நேர்ந்த கோளாறு. அதை முகாமின் குறைபாடாக எழுதிவைப்பது எவ்வகையில் நியாயம்? நிகழ்வுக்குப் பின் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த மனித உரிமைக் கண்காணிப்பகம், முகாமின் கூடாரங்கள் வானிலிருந்து தெளிவாகத் தெரியக்கூடியவை என்று சுட்டிக்காட்டியது. வேண்டுமென்றே முகாமைத் தாக்கியதற்குச் சான்று இல்லாவிட்டாலும் அது கண்மூடித்தனமான தாக்குதலே என்றும், எனவே சர்வதேச மனிதாபிமானச் சட்டத்துக்கு எதிரானது என்றும் கூறியது.

போர்ச் சட்டம் இதில் குழப்பமின்றிப் பேசுகிறது. தாக்கப்போகும் இலக்கு ராணுவ இலக்குதானா என்பதை, தன்னால் இயன்ற எல்லா வழிகளிலும் உறுதிசெய்துகொள்ள வேண்டிய கடமை தாக்குகிறவருடையது. ஐயம் எழுந்தால் எதிரே இருப்பவரைப் பொதுமகனாகவே கருத வேண்டும். தன்னைப் பொதுமகன் என்று காட்டிக்கொள்ளும் கடமை அடைக்கலம் தேடி வந்தவருக்கு இல்லை. இடம்பெயர்ந்தோர் குறித்து 1998-இல் ஐ.நா.வில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டு நெறிகளில் பத்தாவது நெறி, அவர்களுடைய முகாம்கள் மீதும் குடியிருப்புகள் மீதும் தாக்குதல் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அந்த நெறிகள் நாடுகளைக் கட்டுப்படுத்தாது என்று யாரேனும் வாதிட்டால், ஆப்பிரிக்க நாடுகள் 2009-இல் கம்பாலாவில் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை இருக்கிறது. எல்லை கடந்தவர்களுக்கு 1951 முதலே அகதிகள் உடன்படிக்கை இருக்க, சொந்த நாட்டுக்குள்ளேயே அலைகிறவர்களுக்குச் சட்டக் கட்டுப்பாடுடைய பாதுகாப்பைத் தர முன்வந்த கண்டம் ஆப்பிரிக்கா. அவர்கள் தங்கியிருக்கும் இடங்களின் குடிமைத் தன்மையைக் காப்பது அரசின் பொறுப்பு என்கிறது அந்த உடன்படிக்கை. நைஜீரியா 2012-இலேயே அதற்கு ஒப்புதல் அளித்துவிட்டது.

காரணத்தின் ஒரு பகுதியை முகாமுக்குள்ளேயே தேடிக் கண்டுபிடிக்கும் இந்தப் பழக்கம் நைஜீரியாவுக்கு மட்டும் உரியதன்று. மியான்மரின் கச்சின் மாநிலத்தில், லைசா நகருக்கு அருகிலிருந்த முங் லாய் கியெட் முகாம் 2023 அக்டோபர் 9 நள்ளிரவை நெருங்கும் வேளையில் தாக்கப்பட்டு, குழந்தைகள் உட்பட முப்பது பேர் அளவில் இறந்தபோது, அங்கே பதுக்கிவைக்கப்பட்டிருந்த வெடிபொருட்கள் வெடித்திருக்கலாம் என்று ராணுவ அரசின் பேச்சாளர் சொன்னார். 2024 மே 26 இரவு ரஃபாவின் தால் அஸ்-சுல்தான் பகுதியில் இடம்பெயர்ந்தோரின் கூடாரங்கள் தீப்பிடித்து எரிந்து 45 பேர் இறந்தார்கள் என்று காஸா சுகாதார அமைச்சகம் அறிவித்தது. ரஃபாவில் தாக்குதலை நிறுத்துமாறு சர்வதேச நீதிமன்றம் உத்தரவிட்டு இரண்டு நாட்களே ஆகியிருந்தன. ஹமாஸ் தளபதிகள் இருவரைக் குறிவைத்ததாகச் சொன்ன இஸ்ரேலிய ராணுவம், தான் வீசிய சிறிய குண்டுகளால் மட்டும் அவ்வளவு பெரிய தீ மூண்டிருக்க முடியாது என்றும், அருகில் வெடிபொருட்கள் இருந்திருக்கலாம் என்றும் விளக்கியது. பிரதமர் நெதன்யாகு அதைத் துயரமான தவறு என்றார். எத்தியோப்பியாவின் டிக்ரேயில் தெதெபிட் என்னும் ஊரில், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பள்ளி வளாகத்தின் மீது 2022 ஜனவரியில் ட்ரோன் குண்டுகள் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த நிகழ்வு பெரிய விளக்கங்கள் ஏதுமின்றியே செய்திகளிலிருந்து மறைந்துபோனது.

தமிழில் எழுதும் ஒருவர் இங்கே நவாலியை நினைக்காமல் கடந்துபோக முடியாது. 1995 ஜூலை 9 அன்று, யாழ்ப்பாணக் குடாநாட்டில் படைநடவடிக்கை தொடங்கிய நாளிலேயே, வீடுகளை விட்டு ஓடிவந்தவர்கள் தஞ்சமடைந்திருந்த நவாலி புனித பேதுரு தேவாலயத்தின் மீதும் சுற்றுப்புறத்திலும் இலங்கை விமானப்படையின் குண்டுகள் விழுந்தன. 65 பேர் இறந்ததாகவும் 150 பேர் காயமடைந்ததாகவும் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு அறிக்கை வெளியிட்டது. இறந்தோர் நூற்றுக்கும் மேல் என்பது ஊர்மக்களின் கணக்கு. இலங்கை வெளியுறவு அமைச்சகம் தன் அதிருப்தியைத் தெரிவித்தது செஞ்சிலுவைக் குழுவிடம்: அப்படியொரு அறிக்கையை வெளியிட்டதற்காக.

ரானுக்குத் திரும்புகிறேன். குண்டுவீச்சு நடந்த சில நாட்களிலேயே அமெரிக்காவின் ஆப்பிரிக்கப் படைக் கட்டளையகம் இது தொடர்பாகத் தன்னளவில் ரகசிய விசாரணை ஒன்றுக்கு உத்தரவிட்டிருந்தது என்ற செய்தி 2022-இல்தான் வெளியே வந்தது. நைஜீரியாவுக்கு 12 சூப்பர் டுகானோ தாக்குதல் விமானங்களை விற்கும் திட்டத்தை ரான் நிகழ்வுக்குப் பின் ஒபாமா நிர்வாகம் நிறுத்திவைத்தது; ட்ரம்ப் நிர்வாகம் 2017 ஆகஸ்டில், அதாவது அடையாளமிடாததே காரணம் என்ற அறிவிப்பு வந்ததற்கு அடுத்த மாதத்தில், ஏறத்தாழ 59 கோடி டாலர் மதிப்பில் அந்த விற்பனையை மீண்டும் முன்னெடுத்தது. விமானங்கள் 2021-இல் போய்ச் சேர்ந்தன. தாக்குதலுக்கு உத்தரவிட்டதாகத் தாமே சொன்ன லக்கி இராபோர், அதே 2021 ஜனவரியில் நாட்டின் முப்படைத் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். அவர் உண்மையை மறைக்காமல் சொன்னார் என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த ஒப்புதல், அடுத்த கேள்விகளைத் தொடங்கிவைப்பதற்குப் பதிலாக, அவற்றை முடித்துவைக்கவே பயன்பட்டது. தவறு என்று சொல்லியாயிற்று. இனி என்ன வேண்டும் என்ற தொனியே எஞ்சியது.

ரான் மக்களுக்கு நிம்மதி வாய்க்கவும் இல்லை. 2018 மார்ச்சில் ஆயுதக் குழுவினர் ஊரைத் தாக்கி நிவாரணப் பணியாளர்களைக் கொன்றார்கள். கடத்திச் சென்ற மருத்துவத் தாதியர் இருவரை அதே ஆண்டு செப்டம்பரிலும் அக்டோபரிலும் கொன்றார்கள். 2019 ஜனவரியில் மீண்டும் தாக்கி, ஏறத்தாழ 60 பேரைக் கொன்று, குடிசைகளைக் கொளுத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டிக் கேமரூனுக்கு ஓடினார்கள். வானிலிருந்து அரசு, தரையில் ஆயுதக் குழு என்று இரண்டு பக்கமும் அடிவாங்கிய ஊர் அது.

2023 டிசம்பர் 3 இரவு, கடூனா மாநிலத்தின் துடுன் பிரி கிராமத்தில் மீலாது விழாவுக்குக் கூடியிருந்தவர்கள் மீது நைஜீரியத் தரைப்படையின் ட்ரோன் குண்டு வீசியது. குறைந்தது 85 பேர் இறந்தார்கள். மக்கள் கூட்டத்தைப் பயங்கரவாதிகளின் கூட்டமாகத் தவறாகப் புரிந்துகொண்டோம் என்றே இம்முறையும் படைத்தரப்பு சொன்னது. ஆனால் அடுத்த ஆண்டு ஏப்ரலில், படையைச் சேர்ந்த இருவர் ராணுவ நீதிமன்றத்தை எதிர்கொள்வார்கள் என்று பாதுகாப்புத் தலைமையகம் அறிவித்தது. ரானுக்காக அப்படியோர் அறிவிப்பு வந்ததே இல்லை.