நாயனம் வாசிக்கப் போறோம்: ஒத்திகை நாட்குறிப்பு

அக்டோபர் 5, ஞாயிறு

நவம்பர் 1ல மேடையில ஏறி சத்தமா வாசிக்கப் போற கதை மூணும் முடிவாயிட்டு. கிருஷ்ணன் நம்பியோட ‘மருமகள் வாக்கு’, ஆ. மாதவனோட ‘நாயனம்’, பொறவு தோப்பில் முகமது மீரான் கதை ஒண்ணு. நம்பிக்கு அழகியபாண்டியபுரம், மாதவன் திருவனந்தபுரம் சாலை பஜார்ல கடை வச்சிருந்தவரு, மீரானுக்கு தேங்காப்பட்டணம். எல்லாம் மார்த்தாண்டத்துல இருந்து பஸ் ஏறிப் போயிட்டு வர்ற தூரந்தான். மாதவனுக்கு 2015லயும் மீரானுக்கு 1997லயும் சாகித்ய அகாதமி விருது கிடைச்சிருக்கு, அப்படியும் இங்க காலேஜ் படிக்கிற பிள்ளைங்கள்ல பாதிப் பேரு இவங்க பேரைக் கேட்டதே இல்ல, அது எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம்.

நாடகமாவே போட்டுரலாமேன்னு டீச்சர் அக்கா கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன். நாடகமாக்கினா பேச்சு மட்டும்தான் மிஞ்சும், ரெண்டு பேச்சுக்கு நடுவுல எழுதினவரு சொல்லிட்டு வாறாரு பாருங்க, அதெல்லாம் போயிரும். எனக்கு அதுதான் வேணும்.

நம்பி 1976ல போயிட்டாரு, மத்த ரெண்டு பேரும் இப்ப சமீபத்துல. எழுதினவரு இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்புரிமை உண்டு, முழுக் கதையையும் மேடையில வாசிக்கணும்னா அனுமதி கேக்கணும். மூணு வீட்டுக்கும் லெட்டர் போட்டாச்சு.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்னைக்கு பேப்பர் வேலைதான். பெரிய எழுத்துல, ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட் எடுத்து, பின் அடிக்காம தனித்தனி தாளா வச்சிருக்கோம். திருப்புனா மைக்ல சரசரன்னு கேக்கும், அதனால தாளைத் திருப்பாம பக்கத்துல நகர்த்தி வைக்கணும், ஒரு வாக்கியம் பாதியில அடுத்த தாளுக்குப் போகவும் கூடாது. ரேடியோ நாடகத்துல நடிச்ச அண்ணாச்சி ஒருத்தர் வந்து மூச்சு எங்க எடுக்கணும்னு பென்சில்ல கோடு போட்டுக் குடுத்தாரு. மைக் வாய்க்கு நேரா இருந்தா ‘ப’ வர்ற எடமெல்லாம் டப்பு டப்புனு அடிக்கும், கொஞ்சம் சரிச்சு வைங்கன்னாரு.

‘மருமகள் வாக்கு’ டீச்சர் அக்காவுக்குத்தான். எலக்‌ஷன்ல பூனை சின்னமும் கிளி சின்னமும், மாமியாருக்குப் பூனை, மருமகளுக்கு மனசு கிளி மேல. மாமியாருக்குத் தனியா ஒரு குரல் போட்டுப் பாத்தாங்க, எடுபடல. ஒரே குரல்ல, மாமியார் பேசற இடத்துல மட்டும் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினாங்க, அவ்வளவுதான், அந்த அம்மா முன்னாடி வந்து நின்ன மாதிரி ஆயிட்டு.

அக்டோபர் 19, ஞாயிறு

‘நாயனம்’ தான் கஷ்டம். சாவு வீடு, எல்லாம் ரெடியாயிட்டு, மேளம் வரணும்னு எல்லாரும் காத்துக் கெடக்காங்க. வந்த நாயனக்காரனுக்கோ வாசிப்பு வரல. களியக்காவிளைத் தம்பி நல்ல நடிகன், அந்தக் கேவலமான நாயனத்தை வாயாலயே பீபீன்னு செஞ்சு காட்டிட்டான், எல்லாரும் சிரிச்சு உருண்டாச்சு. ஆனா கதை அங்கயே செத்துப் போச்சு. எடே, அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சுன்னு மாதவன் சாரே எழுதியிருக்காரு, நீ அத மட்டும் வாசி, சாவு ஊர்வலத்துக்குப் பின்னால நடக்காத ஆளு இந்த ஊர்ல யாரு, கேக்குறவன் காதுலயே அது வந்துரும்னு சொன்னேன். ரெண்டாந் தடவ கையக் கட்டிட்டு, குரலை ஏத்தாம எறக்காம வாசிச்சான். வந்துச்சு. சாவு வீட்டு எரிச்சல், வெக்கம், ராத்திரி ஆயிட்டே போற பதட்டம் எல்லாம் வந்துச்சு.

கீபோர்டு வச்சு பேக்கிரவுண்ட் மியூசிக் போடலாம்னு ஒரு யோசனை வந்தது. மேடையில கதை சொல்லுற கேரளத்துக் கலை கதாப்பிரசங்கம், அதுக்கு அது சரி. அதுல பேரெடுத்த வி. சாம்பசிவன் டால்ஸ்டாயையும் ஷேக்ஸ்பியரையும் கேரளத்துக் கோவில் உற்சவப் பறம்புக்கே கொண்டு போனாரு, பாட்டும் பேச்சுமா, பெரிய கலை அது. நம்ம வில்லுப்பாட்டும் அப்படித்தான். அங்க கதைய நீட்டலாம் குறுக்கலாம், சொல்லுறவருக்க சொத்து அது. நாம எழுதினவரு வாக்கியத்த ஒரு சொல் மாத்தாம குடுக்கப் போறோம், மியூசிக் வந்தா காது அங்க போயிரும்.

நவம்பர் 2, ஞாயிறு

நேத்து முடிஞ்சுது. நவம்பர் 1ன்னு வேணும்னேதான் வச்சோம். 1956ல அன்னைக்குத்தான் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து பிரிஞ்சு சென்னை மாநிலத்துல சேந்துச்சு, நெய்யாற்றின்கரை கேரளத்துலயே நின்னுட்டு. சாயங்காலம் நல்ல மழை, கரண்ட் போயிட்டு போயிட்டு வந்துச்சு, ஆனா நாற்காலி பத்தல. நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்துல இருந்து நெறைய பேரு, எல்லாம் வீட்டுல தமிழ் பேசுறவங்க, ஸ்கூல்ல படிச்சது மலையாளம். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. புஸ்தகமா குடுத்தா இவங்க கைக்கு இந்தக் கதைங்க வரவே வராது, காது வழியா மட்டும்தான் வரும். இத நான் முன்னாடியே யோசிச்சிருந்தேன், ஆனா இத்தன பேரு இருப்பாங்கன்னு நெனைக்கல. மீரான் கதையில தேங்காப்பட்டணத்துப் பேச்சு வந்தப்ப முன் வரிசை அப்படியே குனிஞ்சு கேட்டுச்சு, ‘நாயனம்’ முடிஞ்சப்ப கொஞ்ச நேரம் யாரும் கைதட்டல, பொறவு தட்டுனாங்க பாருங்க, தம்பி அழுதுட்டான்.

பாறசாலை அக்கா ஒருத்தங்க வந்து, மக்கா, மாதவன் சாலை பஜார்காரரு ஆச்சே, இத அந்தச் சாலை பஜார்ல வச்சு வாசிக்கப்படாதா, எனக்க மாமா எல்லாம் அங்கதான் கடை போட்டிருந்தாங்கன்னு கேட்டாங்க. அதான் அடுத்தது. அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் தம்பியும் திருவனந்தபுரம் போயி ஹால் பாக்கப் போறோம், வாடகை என்ன ஆவுதுன்னு வந்து எழுதறேன்.